உலோகக் கிதாரும் நம் சுருதியும்

வாத்தியங்களுக்குள்ளே, பார்ப்பவர் முகத்தைக் கண்ணாடிபோலக் காட்டும் வாத்தியம் ஒன்று உண்டு. உடம்பு மரமன்று, நிக்கல் முலாம் பூசிய பித்தளை, எஃகு அல்லது ஜெர்மன் வெள்ளி. மார்பிலே சல்லடைக் கண்கள். அவற்றின் அடியில் அலுமினியத் தகட்டினால் ஆன, ஒலிபெருக்கியின் கூம்பைப் போன்ற ஒரு கூம்போ மூன்று கூம்புகளோ மறைந்திருக்கும். இதற்கு ரெஸொனேட்டர் கிதார் என்று பெயர். மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிப்பார்கள்.

நாம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து காலங்கழிக்கும் பழனி மலைத் தொடரில், கோடைக்கானலில், இத்தகைய அந்நிய வாத்தியங்கள் கண்ணில் படுவது ஆச்சரியமன்று. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிக் குடியேறிய ஊர் இது. 1901-ல் அவர்களுடைய குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியும் ஏற்பட்டது. வந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பியானோக்களும் கிதார்களும் சில வீடுகளில் தங்கிவிட்டன. இப்படித் தங்கிவிட்ட வாத்தியத்தை வைத்துக்கொண்டு நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: “இதிலே ஒரு கீர்த்தனம் வாசிக்க முடியுமா?”

முடியும். ஆனால் கடைக்காரர் சுருதி கூட்டிக் கொடுத்தபடியே வாசிக்க முடியாது. அவர் போட்டுக் கொடுத்த கம்பிகளைக் கொண்டும் முடியாது. இந்த இரண்டையும் எப்படி மாற்றுவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் இந்த வாத்தியத்தின் குலம் கோத்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கிதாரை மடியில் கிடத்தி இரும்பினால் வழுக்கி வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் பரவியது. ஜோஸப் கெகுகு என்ற இளைஞர் அதனைச் செம்மைப்படுத்தினார் என்பர். 1915-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பெரும் பொருட்காட்சியில் அமெரிக்கர்கள் இதைக் கேட்டுப் பித்தானார்கள். ஆனால் மரக் கிதாரின் மெல்லிய ஒலி, நடன மண்டபத்து எக்காளங்களுக்கிடையே எடுபடவில்லை. ஸ்லோவாக் நாட்டிலிருந்து வந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜான் டோப்யேரா என்ற தொழிலாளி உலோக உடம்பும் அலுமினியக் கூம்புகளும் அமைத்து அந்தக் குறையைத் தீர்த்தார். 1927-ல் ‘நேஷனல்’ கம்பெனி தோன்றியது. மறு வருஷமே அவரும் அவருடைய சகோதரர்களும் பிரிந்து ‘டோப்ரோ’ என்ற பெயரில் வேறொன்று ஆரம்பித்தார்கள். குடும்பப் பெயரின் சுருக்கம் அது. அவர்கள் தாய்மொழியில் அச்சொல்லுக்கு ‘நல்லது’ என்ற பொருளும் உண்டாம். மின்சாரக் கிதார் வருவதற்கு முன் கூட்டத்தில் கேட்கும்படி ஒலித்த கிதார் இதுவே.

இந்தியாவுக்கும் அது தாமதியாமல் வந்தது. ஸமோவா தீவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த டாவ் மோ என்பவர் தம் குடும்பத்தோடு உலகம் சுற்றி வாசித்தவர். இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளைக் கல்கத்தாவில் கழித்தார். வங்காளத்து வீடுகளில் ஹவாய் கிதார் இன்றுவரை ஒலிப்பதற்கு அவரைப் போன்றவர்கள் போட்ட வித்தும் ஒரு காரணம். பிறகு ராஜஸ்தானத்துப் பிரிஜ் பூஷண் காப்ரா ஹிந்துஸ்தானி ராகங்களை இதில் முறையாக வாசித்தார். 1967-ல் ஹரிப்பிரஸாத் சௌராஸியாவின் குழலோடும் சிவகுமார் சர்மாவின் ஸந்தூரோடும் அவருடைய கிதார் சேர்ந்து ஒலித்த இசைத்தட்டைக் கேளாத ரஸிகர் அந்நாளில் குறைவு. அவருக்குப் பின் ஜயப்பூர் விசுவ மோகன பட் இதே கிதாரில் பன்னிரண்டு அனுதாபத் தந்திகளை ஏற்றி ‘மோகன வீணை’ என்று பெயரிட்டு, 1994-ல் அமெரிக்காவின் கிராமி பரிசையும் பெற்றார்.

வடக்கே இவ்வளவு நடந்திருக்க, தமிழ்நாட்டில் மட்டும் ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று ஒதுக்குவது விநோதமே. வழுக்கி வாசிக்கும் வாத்தியம் நமக்குப் புதிதா? கோட்டு வாத்தியம் என்ன வாத்தியம்? மெட்டுகள் இல்லாத வீணையின் மேல் கருங்காலிக் கட்டையை ஓட்டி வாசிப்பதுதானே அது! திருவிடைமருதூர் ஸகாராம ராவ் அதனைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார்; செம்மங்குடி சீனிவாசய்யர் இளமையில் அவரிடம் பாடம் கேட்டவர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும், மைசூர் ஸமஸ்தானத்தை அலங்கரித்த நாராயண அய்யங்காரும் அதன் புகழை வளர்த்தார்கள். பெயர் இப்போது சித்திர வீணை என்று வழங்குகிறது. அலுமினியக் கூம்பை எடுத்துவிட்டுப் பலாமரக் குடத்தை நினைத்துக்கொண்டால், ரெஸொனேட்டர் கிதார் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை ஆகும்.

அந்நிய வாத்தியத்தை ஏற்பதற்கும் நம்மிடம் பழைய முன்மாதிரி உண்டு. பாலுசாமி தீக்ஷிதரும் தஞ்சை வடிவேலுவும் பிடிலை எடுத்தபோது அதை மேனாட்டார் கூட்டின சுருதியிலேயே விட்டுவைக்கவில்லை. மேனாட்டில் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். நம்மவர்கள் அதை ஸ-ப-ஸ-ப என்று மாற்றினார்கள். அந்த ஒரு மாற்றத்தினால் அது நம்முடையதாயிற்று. ஹார்மோனியத்தின் கதை வேறு. அதன் ஸ்வரங்கள் தொழிற்சாலையிலேயே ஆணி அடித்து நிறுத்தப்பட்டவை. கமகத்துக்கு அங்கே வழியில்லை. 1940-ல் அகில இந்திய ரேடியோ அதை விலக்கிப் பல பத்தாண்டுகள் வெளியிலேயே நிறுத்தியிருந்தது. வழுக்குக் கட்டைக்கு அந்தக் குற்றம் கிடையாது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள வெளி முழுவதும் அதற்குச் சொந்தம். ஆகையால் தகராறு கட்டையிடத்தில் இல்லை. திறந்த கம்பிகளின் சுருதியிலேதான் இருக்கிறது.

அந்தத் தகராறு என்ன? கட்டை ஆறு கம்பிகளின் மேலும் ஒரே நேர்கோட்டில் கிடக்கிறது. விரல்களைக் கொண்டு வாசிக்கும் ஸ்பானியக் கிதாரில் ஒவ்வொரு கம்பியையும் வெவ்வேறு மெட்டில் அழுத்தலாம். இங்கே அது முடியாது. கம்பிகளுக்குள் ஆரம்பத்தில் என்ன உறவு வைத்தோமோ, அதே உறவுதான் கட்டை போகுமிடமெல்லாம் கூடவே போகும். எனவே சுருதி கூட்டும்போதே பாதிச் சங்கீதம் நிச்சயமாகிவிடுகிறது.

மேனாட்டாருடைய பிரபலமான சுருதிகளில் ஒன்று, தடித்த கம்பியிலிருந்து மெலிந்த கம்பி வரையில், டி-ஜி-டி-ஜி-பி-டி என்பது. ஜி-யை ஷட்ஜமாகக் கொண்டு இதை நம் பாஷையில் சொன்னால் ப-ஸ-ப-ஸ-க-ப. வீணை பயின்ற பெண்கள் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். அனுமந்தரம், மந்தரம், பஞ்சமம், சாரணி என்ற வீணையின் நான்கு தந்திகளும் ப-ஸ-ப-ஸ அன்றோ? ஸமுத்திரத்துக்கு அப்பால், நம் வீணையை அறியாத மக்கள் தங்கள் வசதிக்காகக் கூட்டின சுருதியில், முதல் நான்கு கம்பிகள் அப்படியே நம் வீணையாக இருக்கின்றன! ஷட்ஜ பஞ்சமங்கள் எங்கும் காதுக்கு இனியவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஐந்தாவதாக உட்கார்ந்திருக்கும் அந்தக் காந்தாரம்தான் வீட்டுக்குள் புகுந்த வம்பு. அது அந்தர காந்தாரம். சங்கராபரணத்திலும் கல்யாணியிலும் மோகனத்திலும் அதற்கு இடமுண்டு. தோடியிலும் பைரவியிலும் கரஹரப்பிரியாவிலும் ஸாதாரண காந்தாரமே உண்டு. அங்கே இந்தக் கம்பி ஒரு தரம் வாய் திறந்தாலும் ராகம் கெட்டது. தொடாமலே இருந்துவிடலாமே என்றால், கூம்பு அதற்குச் சம்மதிக்காது. மற்றக் கம்பிகளின் அதிர்வு கூம்பின் வழியாகப் பாய்ந்து இதையும் முனக வைக்கும். டோப்ரோ வாசிப்போரின் வழக்கமான ஜி-பி-டி-ஜி-பி-டி சுருதியிலோ இப்படிப்பட்ட காந்தாரங்கள் இரண்டு.

‘தம்புராவிலேயே காந்தாரம் தானாகப் பேசுகிறதே, அதை மட்டும் எப்படி ஏற்றோம்?’ என்று விஷயமறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஷட்ஜத் தந்தியின் ஐந்தாவது அம்சத்தில் அந்தக் காந்தாரம் பிறக்கிறது, ஸ்வயம்பு என்கிறோம். அது தாயின் மடியில் இருக்கும் குழந்தை. தாய் ஒலிக்கும் அளவுக்குள் அது அடங்கியிருக்கும். தனிக் கம்பியில் முறுக்கி ஏற்றிய காந்தாரமோ தனிக் குடித்தனம் வந்துவிட்டது.

ஆகவே நம் முதல் காரியம் காந்தாரத்தை நீக்குவது. எதனால் நிரப்புவது என்பது, வீட்டில் யார் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே நாம் நேரில் கண்ட ஒரு வீட்டின் உதாரணம் உதவும். தகப்பனாருக்கு இரண்டு கட்டை. பெண்ணுக்கு ஐந்து கட்டை. பம்பாயிலிருந்த பெரியப்பா காலமானபின் அவருடைய உலோகக் கிதார் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மேனாட்டுச் சுருதியில் அவர் பைரவி வாசிக்கப் பார்த்து, பெண் காதைப் பொத்திக்கொண்டாள். கடையிலே போய்க் கேட்டதில் ‘மெல்லிய செட் போடுங்கள், எந்தச் சுருதிக்கும் வளையும்’ என்றார்களாம். போட்டார்கள், கட்டையின் பாரத்தில் கம்பி தொய்ந்து மெட்டுகளில் மோதிக் கடகடத்தது. பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவதா, வேண்டாமா என்ற ஆலோசனை நடந்துகொண்டிருந்தபோது நாம் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு கட்டை என்பது மேனாட்டு டி. ஐந்து கட்டை என்பது ஜி. டி-யை ஷட்ஜமாகக் கொண்டால் ஜி மத்தியமம். இந்த எளிய உறவிலேதான் அந்த வீட்டுக்கு விடை இருந்தது. தகப்பனாருக்காக டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று கூட்டினால் ஸ-ப-ஸ-ம-ப-ஸ கிடைக்கும். மேனாட்டு டி சுருதியில் மூன்றாவது கம்பியாக நிற்கும் காந்தாரத்தை அரை ஸ்வரம் ஏற்றி மத்தியமமாக்கினால் போதும். (டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயர் 1960-களின் தொடக்கத்தில் ஸ்பானியக் கிதாரில் இதே சுருதியைக் கூட்டிப் பிரபலமாக்கினார். அவர் மொராக்கோ தேசத்துச் சங்கீதத்தைக் கேட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். நாம் தம்புராவைக் கேட்டுவிட்டு வந்து சேருகிறோம்.) மெலிந்த முதல் கம்பி ஷட்ஜமாக அமைவது இதன் பெரிய லாபம். நம் பாட்டு அதிகமாக நடமாடும் கம்பி அதுவே.

பெண்ணுக்கு? இரண்டு பஞ்சமக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி ஆக்கினால் டி-ஜி-டி-ஜி-ஜி-டி. ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் ப-ஸ-ப-ஸ-ஸ-ப. மறுபடியும் வீணையின் நான்கு தந்திகளும் வந்துவிட்டன. முறுக்காணி இரண்டைத் திருகுவதோடு தகப்பன் சுருதி மகள் சுருதியாகிறது. மத்தியம சுருதி என்று நம் பெரியோர்கள் தம்புராவில் பஞ்சமத்தை இறக்கி வைத்துப் பாடுவதும் இதே வித்தைதான். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, செஞ்சுருட்டி, குறிஞ்சி முதலிய ராகங்களை அப்படித்தான் பாடுகிறோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், கடைசியாக 2018-ல், குறிஞ்சி பூத்து நீலமான இம்மலையில், குறிஞ்சி ராகத்துக்கு ஏற்ற சுருதி இந்தக் கிதாரில் இத்தனை சுலபமாகக் கிடைப்பது நமக்குத் தனிச் சந்தோஷம்.

இனி, கம்பியின் கனம். இங்கே கொஞ்சம் கணக்கு வரும். பள்ளிக்கூட வாத்தியார் எழுதும் கட்டுரையில் அது தவிர்க்க முடியாதது.

1636-ல் மெர்ஸென் என்ற பிரெஞ்சுத் துறவி அச்சிட்ட விதிகள் இன்றும் செல்லும். கம்பியின் நீளமும் சுருதியும் மாறாதிருக்க, கனத்தை இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும். நீளமும் கனமும் மாறாதிருக்க, சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்றினாலும் இழுவிசை நான்கு மடங்கே. ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதை மீட்க வேண்டுமானால் கம்பியின் கனத்தை நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். கிதார்க் கம்பிகளை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவையால் கடைகளில் விற்கிறார்கள். ‘16’ என்றால் ஆயிரத்தில் 16 பங்கு கனம். ஒரு முழு ஸ்வரம் இறங்கும்போது 16-க்குப் பதில் 18 போட்டால், கையில் பழைய விறைப்பு அப்படியே இருக்கும்.

கம்பி மேடையிலிருந்து தலைப் பாலம் வரையில் 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்; பெரும்பாலான ரெஸொனேட்டர் கிதார்களின் அளவு இதை ஒட்டியதே. முதல் கம்பி 16 எஃகு, சுருதி டி: இழுவிசை ஏறக்குறைய 14½ கிலோ. மடியில் கிடத்தி வாசிக்க இது திருப்தியான விறைப்பு. விரலால் அழுத்தும் ஸ்பானியக் கிதாரில் 12 அல்லது 13 போதும். அந்த மெல்லிய கம்பி இரும்புக் கட்டையின் பாரத்தைத் தாங்காது. கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது மடிக் கிதாருக்கு ஏன் பொருந்தவில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

இரண்டாம் கம்பியிலேதான் சாமர்த்தியம் வேண்டும். தகப்பனார் சுருதியில் அது ஏ. பெண்ணின் சுருதியில் ஜி. 20 கம்பி போட்டால் ஏ-யில் 12½ கிலோவுக்குச் சற்று மேல், நன்றாக இருக்கும். ஜி-க்கு இறக்கினால் 10 கிலோ, தொளதொளக்கும். 24 போட்டால் ஜி-யில் 14½ கிலோ, அருமை; ஏ-க்கு ஏற்றினால் 18 கிலோவைத் தாண்டிக் கழுத்தை வளைக்கும். 22 போட்டால் ஏ-யில் 15¼, ஜி-யில் 12 கிலோவுக்குச் சிறிது மேல். இரண்டு பேருக்கும் பொது. ஆகவே 22 என்று தீர்மானித்தோம். ஐந்தாவது கம்பியும் இதே ஏற்ற இறக்கத்துக்கு உட்படுவதால், ஏ-க்கு வழக்கமான 42, 44-ஐ விட்டு 46. மூன்றாவது 26, நான்காவது 34, ஆறாவது 58. இவை சுருள் சுற்றிய கம்பிகள். சுருள் கம்பியில் வட்டச் சுற்றைவிடப் பட்டைச் சுற்று நமக்கு உகந்தது. வட்டச் சுற்றின் மேல் கட்டை நகரும்போது ‘கீச்’ சென்று ஒரு சத்தம் எழும். மேனாட்டுப் பாட்டில் அதற்கும் ஒரு சுவை காண்கிறார்கள், நம் ஜாருவுக்கு அது சத்துரு.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ‘உச்சத்தில் கூட்டினால் கம்பி அறுகிறது, மெல்லிய கம்பி போட்டால் அறாது’ என்று எங்கும் சொல்கிறார்கள். மெல்லிய கம்பியில் இழுவிசை குறைகிறது. ஆனால் அதைத் தாங்கும் எஃகும் அதே விகிதத்தில் குறைகிறது. ஒவ்வோர் இழைக்கும் விழும் பாரம், கம்பியின் நீளத்தையும் சுருதியையும் மட்டுமே பொறுத்தது, கனத்தைப் பொறுத்ததன்று. 25 அங்குல நீளத்தில் டி சுருதிக்குக் கூட்டிய முதல் கம்பி, தன்னுடைய அறுபடும் எல்லையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. அதே நீளத்தில் மேல் ஜி-க்கு ஏற்றினால், எத்தனை மெல்லிய கம்பியானாலும், ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டிவிடும். பெண்ணுக்கு முதல் கம்பியில் ஷட்ஜம் வேண்டும் என்று ப-ஸ-ப-ஸ-ப-ஸ கூட்டிப் பார்க்கலாமா என்று அவ்வீட்டில் யோசனை எழுந்ததுண்டு. முதல் கம்பி 12, இரண்டாவது 15 என்று கணக்கு வரும், கழுத்துக்கும் பாரமில்லை. ஆனால் பத்து வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே முக்கால் பங்கு முறுக்கேறிய எஃகுக் கம்பி இருக்க வேண்டாம் என்று நாமே தடுத்தோம்.

கம்பியின் கனம் யாருக்குச் சுமை என்றால், கழுத்துக்கும் கூம்புக்கும்தான். மேலே சொன்ன ஆறு கம்பிகளும் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு நல்ல ஆள் கழுத்தில் தொங்குவதற்குச் சமம். மடியில் கிடத்தி வாசிப்பதற்கென்றே செய்த கிதாரில் கழுத்துச் சதுரமாகப் பருத்திருக்கும், அது தாங்கும். கழுத்தின் முதுகு உருண்டையாக இருந்தால், அது விரலால் வாசிக்கும் இனம். தலைப் பாலத்தின் மேல் உயரமான ஒரு துண்டைப் பொருத்தி அதையும் மடியில் வாசிக்கலாம். ஆனால் கம்பிகளை ஒரு படி மெலித்து, முதல் கம்பி 14, இழுவிசை 11 கிலோ என்ற அளவில் நிறுத்திக்கொள்வது விவேகம். கூம்பின் சுபாவம் இதற்கு மாறானது. அதற்கு ஓரளவு அழுத்தம் வேண்டும். மிகவும் மெலிந்த கம்பிகளைப் போட்டால் கூம்பு தன் இருப்பிடத்தில் படியாமல் ஈ பறப்பதுபோல் இரையும். மிகவும் தடித்தவை போட்டால் மெல்லிய அலுமினியம் நாளடைவில் அமுங்கிப் பள்ளமாகும். பிறகு அதை நிமிர்த்தினாலும் பழைய குரல் வராது. புதுக் கூம்பு வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டியிருக்கும். கம்பியில் மிச்சம் பிடிக்கும் பத்து ரூபாய்க்கு அது ஈடாகுமா என்று குடும்பத் தலைவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

மலைநாட்டாருக்கு மேலும் ஒரு கவலை உண்டு. வத்தலக்குண்டில் ஏறி ஏறக்குறைய 7,000 அடி உயரத்துக்கு வந்து சேர்வதற்குள் சுமார் 15 டிகிரி உஷ்ணம் குறைந்துவிடும். எஃகுக் கம்பி மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும் வஸ்து. மர உடம்பும் மரக் கழுத்துமுள்ள கிதாராக இருந்தால், கீழே கூட்டின சுருதி மேலே வரும்போது ஏறியிருக்கும். ஏறுவதும் எல்லாக் கம்பியும் ஒரே அளவாக ஏறினால் கவலையில்லை. கணக்குப்படி, விறைப்பான முதல் கம்பி அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். சற்றுத் தொய்வான இரண்டாம் கம்பி மூன்றில் ஒரு பங்கு ஏறும். ஷட்ஜமும் பஞ்சமமும் வழியிலேயே சண்டையிட்டுக்கொண்டு வந்து இறங்கும் என்று அர்த்தம். கம்பிகளின் விறைப்பு ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பித்தளை உடம்புள்ள கிதாருக்கு இதில் ஒரு சௌகரியம். பித்தளை எஃகைவிடவும் அதிகமாகச் சுருங்கும். கழுத்து மரம் குறைவாகச் சுருங்குவதை உடம்பு பெரும்பாலும் ஈடு செய்துவிடும். ஆனால் கம்பி நிமிஷத்தில் குளிரும், உடம்பு மெதுவாகத்தான் குளிரும். ஆகையால் பெட்டியைத் திறந்தவுடன் முறுக்காணியைத் தொடாமல், அரை மணி நேரம் அறையின் குளிருக்குப் பழகவிட்டுப் பிறகு சுருதி கூட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகமே ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும் ஊர் இது. மர வாத்தியங்கள் ஈரத்தில் ஊதிக் குரல் மங்கும். உலோக உடம்புக்கு அந்தத் தொந்தரவு இல்லை. கம்பிக்குத்தான் ஆபத்து. சுருளில்லாத எஃகுக் கம்பியில் ஒரு வாரத்துக்குள் செம்புள்ளி விழுவதைக் கண்டிருக்கிறோம். துருவின் மேல் கட்டை ஓடினால் காந்தாரத்தை அசைக்கும் இடத்தில் கரகரவென்று மணல் கொட்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்புறமும் சேர்த்துத் துடைத்து, பெட்டியைக் கணப்புக்கு அருகில் வைக்காமல் உட்சுவர் ஓரமாக வைப்பதே போதுமான வைத்தியம்.

கட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேனாட்டு இரும்புக் கட்டை கனமானது, ஒலி நீடிக்கும். ஆனால் காலைக் குளிரில் பனிக்கட்டியைப் பிடித்ததுபோல் இருக்கும், குழந்தைகளின் விரல் மரத்துப்போகும். கோட்டு வாத்தியக்காரர்களின் கருங்காலிக் கட்டை கைக்கு இதம், கமகத்துக்கு லகு. ஒலி சற்றுச் சீக்கிரம் அடங்கும். அந்த வீட்டில் தகப்பனார் இரும்பையும் பெண் கருங்காலியையும் வைத்துக்கொண்டார்கள். கருங்காலிக்குக் கனம் குறைவாதலால் கம்பி அதிகம் தொய்யவில்லை. ஜி-க்கு இறங்கியபோது 22 கம்பியில் ஏற்பட்ட சிறு தளர்ச்சி அவளுக்குத் தெரியவே இல்லை. தோடியில் காந்தாரம் அவள் விரும்பின இடத்தில் அசைந்தது. பக்கத்தில் நின்று முனகுவதற்கு வேறொரு காந்தாரம் இல்லை.

கம்பிகளை எங்கே வாங்குவது? தயாராகக் கட்டி வைத்த செட்டுகள் மேனாட்டுச் சுருதிகளை மனத்தில் கொண்டு பொறுக்கியவை. நமக்குப் பாதி பயன்படும், பாதி பயன்படாது. தனித்தனியாகக் கனம் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். சுருளில்லாத எஃகுக் கம்பியை வீணைச் சாமான் விற்கும் கடைகளிலும் பார்க்கலாம்; அங்கே கனத்தைக் குறிக்கும் எண்கள் வேறு விதமாக இருக்குமாதலால், பட்டறைகளில் உள்ள மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்து எடுப்பது நலம். வீணைக் கம்பியின் முனையில் கிதாருக்கு வேண்டிய சிறு பித்தளை உருளை இராது. அறுந்த பழைய கிதார்க் கம்பியிலிருந்து அந்த உருளையைக் கழற்றி எடுத்து, புதிய கம்பியை அதன் பள்ளத்தில் வளைத்து, ஏழெட்டு நெருக்கமான முறுக்காக முறுக்கிக்கொள்ள வேண்டும். முறுக்கின் நுனியை ஒட்ட நறுக்கி, சற்றே உள்நோக்கி மடித்துவிட்டால் துடைக்கும்போது விரலில் குத்தாது.